மூலனூரிலிருந்து மாத்திரை அட்டைக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சிப் பக்கத்துக் காடுகளில் காலை எட்டு மணிக்கே ஆட்கள் இறங்கிவிடுவார்கள். முள்கிளுவை வேலியிலும் கம்பிப் பந்தலிலும் இலை நுனிச் சுருளால் பற்றி ஏறிய கண்வலிக் கொடிகளில் அன்றைக்கு விரிந்த பூக்களைத் தேடித்தான் வருகிறார்கள். ஒரு பூவை அருகில் போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும். நெளிநெளியான ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்திருக்கின்றன; அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. ஆறு மகரந்தத் தாள்களும் நாலாபக்கமும் விரிந்து நிற்கின்றன. சூல்தண்டு மட்டும் சூலகத்தை விட்டதுமே செங்கோணமாகத் திரும்பி, மகரந்தத்துக்கு எட்டாமல் பக்கவாட்டில் நீண்டிருக்கிறது. தன் மகரந்தம் தன்மேல் படாதிருக்க இயற்கை வைத்த தடுப்பு அது. பூச்சிகளை மட்டும் நம்பி விட்டால் காய் குறைந்துவிடும். அதனால் ஒரு கொடியின் பூவிலிருந்து மகரந்தத்தை எடுத்து அடுத்த கொடிப் பூவின் சூல்முடியில் கையாலேயே தடவுகிறார்கள். பதினொரு மணி வெயிலுக்குள் அன்றைய பூக்கள் அத்தனைக்கும் இதைச் செய்து முடித்தாக வேண்டும். பூக்கும் காலம் முழுவதும் இதே வேலைதான்.

இப்படிக் கைபட்டுப் பிடித்த காய், கிழங்கு நட்டதிலிருந்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் முற்றுகிறது. பச்சை வெளுத்துத் தோல் சுருங்கத் தொடங்கியதும் பறித்து, நிழலில் உலர்த்தி, செம்மஞ்சள் தோல் போர்த்திய விதைகளைப் பிரித்தெடுக்கிறார்கள். ஹெக்டேருக்கு 200 முதல் 250 கிலோ விதை வந்தால் நல்ல மகசூல். அந்த விதையின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு பொருளுக்காகத்தான் இத்தனை பாடும். அதன் பெயர் கோல்சிசின். மிகக் கொடிய தாவர நஞ்சுகளில் ஒன்று. உலகின் மிகப் பழைய மருந்துகளிலும் ஒன்று. உயிரணு எப்படி இரண்டாகப் பிரிகிறது என்பதை மனிதன் புரிந்துகொள்ளத் துணை நின்ற கருவியும் அதுவே.

மலையில் பிறந்த நஞ்சு

காந்தள், செங்காந்தள் என்றும் பெயர் கொண்ட கண்வலிக் கொடி தமிழர்களுக்குப் புதிதில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 மலர்களின் பட்டியல் செங்காந்தளில்தான் தொடங்குகிறது. திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் சூடுவது காந்தள். பெண்களின் விரலுக்கு உவமையாகச் சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்ப எடுத்தது இந்த இதழ்களைத்தான். இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. ஈழத்தில் கார்த்திகைப் பூ என்பார்கள்.

பூவைப் பாடிய அதே மக்கள் கிழங்கைக் கண்டு ஒதுங்கவும் தெரிந்து வைத்திருந்தார்கள். மண்ணுக்குள் இரு கிளையாக விரிந்து கிடக்கும் அந்தக் கலப்பைக்கிழங்கைச் சித்த மருத்துவம் நச்சு மூலிகைகளில் வைக்கிறது. சுத்தி செய்யாமல் அதைத் தொடக்கூடாது என்பது விதி. நறுக்கிய கிழங்கை உப்பிட்ட மோரில் இரவில் ஊறவைத்து, பகலில் உலர்த்தி, மறுநாள் புது மோரில் மீண்டும் ஊறவைத்து, நாள்கணக்கில் இதைச் செய்த பிறகே மருந்தில் சேர்ப்பார்கள். பெரும்பாலும் மேற்பூச்சுக்கும் எண்ணெய்க்கும்தான் பயன்பட்டது. இந்திய மருந்துச் சட்டத்தின் நச்சு மூலிகைப் பட்டியலிலும் இந்தச் செடி இடம் பெற்றிருக்கிறது.

கிழங்கில் நஞ்சு உண்டு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த நஞ்சைத் தனியே பிரித்து, அது உடலுக்குள் என்ன செய்கிறது என்று கண்டுபிடித்த கதை ஐரோப்பாவில் வேறொரு பூவிலிருந்து தொடங்கியது.

புல்வெளியில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரி

ஐரோப்பியப் புல்வெளிகளில் இலையே இல்லாமல் இலையுதிர் காலத்தில் ஊதா நிறத்தில் பூத்து நிற்கும் கோல்சிகம், செங்காந்தளின் குடும்பத்தைச் சேர்ந்தது. 6ஆம் நூற்றாண்டில் பைசாண்டியப் பேரரசில் வாழ்ந்த மருத்துவர் டிரேலஸின் அலெக்ஸாண்டர், இவ்வகைக் கிழங்கு ஒன்றைக் கவுட் என்னும் யூரிக் அமில மூட்டுவலிக்குக் கொடுத்தார். பிறகு அதன் நச்சுக்கு அஞ்சி, பல நூற்றாண்டுகள் மருத்துவர்கள் அதைப் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். 1763இல் வியன்னாவின் அன்டன் ஃபான் ஸ்டோர்க் கோல்சிகத்தை மீண்டும் மருந்துப் பெட்டிக்குள் கொண்டுவந்தார்.

அதே நூற்றாண்டில் நிக்கோலாஸ் யூசோன் என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி, கவுட்டுக்கு என்று ஒரு ரகசிய மருந்து நீரை விற்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வலி குறைந்தது. பணக்காரர்கள் வாங்கிக் குவித்தார்கள். 1814இல்தான் ஜான் வான்ட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் அதில் இருப்பது கோல்சிகம் என்று வெளிப்படுத்தினார்.

ரகசியம் உடைந்ததும் வேதியியலாளர்கள் வந்தார்கள். எட்டிக்கொட்டையில் இருக்கும் ஸ்டிரிக்னினைப் பிரித்த பாரிஸ் மருந்தாளர்கள் பெல்லெட்டியேவும் கவாந்துவும், 1820இல் சின்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தார்கள். அதே ஆண்டில் கோல்சிகத்தின் நஞ்சையும் பிரித்தெடுத்தார்கள். ஆனால் அதை ஏற்கெனவே தெரிந்த வேறொரு நஞ்சு என்று நினைத்துவிட்டார்கள். இது தனிப் பொருள் என்று 1833இல் காட்டி, கோல்சிசின் என்று பெயரிட்டவர் ஜெர்மானியரான கைகர்.

1915இல் இரண்டு கதைகளும் சந்தித்தன. கிளூவர், கிரீன், டியூட்டின் என்ற மூன்று ஆங்கில வேதியியலாளர்கள் செங்காந்தள் கிழங்கைப் பகுத்தாய்ந்து, அதிலும் இருப்பது கோல்சிசினே என்று காட்டினார்கள். குறிஞ்சி நிலத்துக் கொடியும் ஐரோப்பியப் புல்வெளிப் பூவும் ஒரே மூலக்கூறைத்தான் செய்துவந்திருக்கின்றன.

அந்த மூலக்கூறின் வடிவம் வேதியியலாளர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. கரிம வேதியியலில் ஆறு அணு கொண்ட வளையம் சாதாரணம். கோல்சிசினில் ஏழு அணு வளையங்கள் இரண்டு இருந்தன. அதில் ஒன்றின் தன்மையை 1945இல் மைக்கேல் டூவார்தான் சரியாக ஊகித்துச் சொன்னார். 1959இல் சூரிக் நகரில் எஷன்மோசரின் குழு அதை ஆய்வகத்தில் செயற்கையாகவே உண்டாக்கியது. ஆனாலும் மருந்துத் தொழிற்சாலைகள் இன்றுவரை செடியைத்தான் நம்பியிருக்கின்றன. சூத்திரம் தெரிந்த பிறகும் வயலில் விளைவதுதான் கட்டுப்படியாகிறது.

உயிரணுவுக்குள் நடப்பது

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது முதலில் தன் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. பிறகு அவற்றைச் சமமாகப் பங்கிட்டு இரு முனைகளுக்கும் இழுத்துப் போக வேண்டும். இழுக்கும் இழைகள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. செங்கல்மேல் செங்கல் வைத்துத் தூண் எழுப்புவதுபோல் டியூபுலின் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இழை வளர்கிறது. கோல்சிசின் போய் ஒட்டிக்கொள்வது இந்தத் துண்டில்தான். ஒட்டிவிட்டால் அடுத்த துண்டு சரியாகப் பொருந்தாது, இழை வளராது. குரோமோசோம்கள் இரட்டிப்பாகி, பிரிய வழியில்லாமல், நடு வழியில் நின்றுவிடும். இந்தப் புரதத்தையே விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது கோல்சிசினை வைத்துத்தான். 1967இல் சிகாகோவில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்கம் ஏற்றிய கோல்சிசின் எதில் போய் ஒட்டுகிறது என்று தேடிப்போய், இழைகளின் மூலப்பொருளைப் பிடித்தார்கள்.

கோல்சிசினின் கதை முழுவதும் இந்த ஒரு செயலுக்குள் அடங்கிவிடுகிறது. அது கொல்வதும் இதனால்தான், குணப்படுத்துவதும் இதனால்தான், விஞ்ஞானிகளுக்குக் கருவியானதும் இதனால்தான்.

1937இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீயும் ஏவரியும் ஊமத்தைச் செடிகளில் கோல்சிசினைப் பயன்படுத்திக் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார்கள். பிரியாமல் நின்ற உயிரணு, இரு மடங்குக் குரோமோசோமோடு வளர ஆரம்பித்தது. பயிர் விஞ்ஞானிகளுக்கு இது பெரிய வாய்ப்பாக அமைந்தது. ஜப்பானில் ஹிதோஷி கிஹாரா, குரோமோசோம் இரட்டிப்பான தர்பூசணியைச் சாதாரணத் தர்பூசணியோடு கலந்து விதையில்லாத பழத்தை உண்டாக்கினார். கோதுமையையும் ரை என்ற தானியத்தையும் கலந்து பிறந்து மலடாக நின்ற செடியை, விதை தரும் டிரிட்டிகேல் பயிராக மாற்றியதும் கோல்சிசின்தான்.

அடுத்தது மனிதனின் முறை. நம் உயிரணுவில் 48 குரோமோசோம்கள் இருப்பதாகவே பாடப்புத்தகங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவந்தன. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ, ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1955 டிசம்பரில் மனித உயிரணுக்களில் கோல்சிசினைச் சேர்த்தார். பிரிவு நடுவில் நின்றது. உயிரணுக்களை உப்பவைத்துக் கண்ணாடியில் பரப்பியபோது குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரிந்தன. எண்ணிப் பார்த்தார், 46. ஆல்பர்ட் லெவானுடன் சேர்ந்து 1956இல் அவர் வெளியிட்ட அந்த எண்தான் மனித மரபியல் மருத்துவத்துக்கு அடித்தளம். மூன்று ஆண்டுகளில், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு ஒரு குரோமோசோம் கூடுதல் என்று பிரான்சில் கண்டுபிடித்தார்கள். இன்றும் மரபணு ஆய்வகங்களில் குரோமோசோம் பரிசோதனைக்கு வரும் ரத்தத்தில் கோல்சிசினோ அதன் உறவுப் பொருளோ சேர்க்கப்படுகிறது.

மாத்திரை அட்டையில்

கவுட் நோயில் நள்ளிரவில் கால் கட்டைவிரல் நெருப்பாக எரியும். போர்வை பட்டாலும் தாங்காது. மூட்டுக்குள் யூரிக் அமிலப் படிகங்கள் சேர்ந்து, அவற்றைத் தாக்க வெள்ளை அணுக்கள் படையெடுத்து வருவதால் வரும் வலி அது. வெள்ளை அணுக்கள் நகர்வதற்கும் டியூபுலின் இழை வேண்டும். மிகச் சிறிய அளவு கோல்சிசின் அந்த நகர்வை மட்டுப்படுத்தி வலியைத் தணிக்கிறது.

எவ்வளவு சிறிய அளவு என்பதில்தான் மருத்துவ உலகம் நெடுங்காலம் தவறியது. வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை கொடுப்பது பழைய வழக்கம். 2010இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு அதைத் திருத்தியது. ஒரு மணி நேரத்துக்குள் 1.8 மில்லிகிராம் மட்டும் எடுத்தவர்களுக்கும், ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் வலி ஒரே அளவில் குறைந்தது. வயிற்றுப்போக்கோ அதிக அளவு எடுத்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு வந்தது. குறைந்த அளவு எடுத்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் குறைவு. இரண்டு நூற்றாண்டுகளாகத் தேவைக்கு மேல் நஞ்சு கொடுத்துவந்தோம் என்று அந்த ஆய்வு காட்டிவிட்டது.

1972இல் இன்னொரு பயன் தெரிந்தது. மத்தியதரைக் கடலோர மக்களுக்குப் பரம்பரையாக வரும் ஒரு காய்ச்சல் நோயைக் கோல்சிசின் தடுத்தது. அந்த நோயால் சிறுநீரகம் கெட்டுப்போவதையும் தடுத்தது. துருக்கியிலும் ஆர்மீனியாவிலும் இஸ்ரேலிலும் சிறு வயதிலிருந்தே இதைத் தினமும் விழுங்கி வாழ்பவர்கள் உண்டு.

கடைசியாக இதயம். இதய நோயாளிகளின் ரத்தக்குழாய்ச் சுவரில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியைத் தினமும் 0.5 மில்லிகிராம் கோல்சிசின் தணிக்குமா என்று கேட்டார்கள். 2019இல் வெளியான ஆய்வில் 4,745 நோயாளிகளும், 2020இல் வெளியான ஆய்வில் 5,522 நோயாளிகளும் பங்கேற்றார்கள். இரண்டிலும் மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் குறைந்தன. 2023 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதய நோய்க்கு அதை அனுமதித்தது. ஆனால் 2024இல் வந்த, 7,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வில் பலன் தெரியவில்லை. இதயத்தைப் பொறுத்தவரை தீர்ப்பு இன்னும் முழுதாக எழுதப்படவில்லை.

நம் ஊர் மருந்துக்கடையில் இந்த விதைக்கு இன்னொரு முகமும் உண்டு. முதுகுப் பிடிப்புக்கும் கழுத்து வலிக்கும் எழுதித் தரும் தயோகோல்சிகோசைட் மாத்திரை, கண்வலி விதையில் கோல்சிசினோடு சேர்ந்திருக்கும் ஓர் உறவுப் பொருளிலிருந்து செய்யப்படுவது. உடலில் அது சிதைந்து உண்டாகும் ஒரு பொருள் குரோமோசோம் பங்கீட்டைக் கெடுக்கக்கூடும் என்பதால், ஏழு நாளுக்கு மேல் மாத்திரையாக எடுக்கக்கூடாது, கர்ப்பிணிகள் எடுக்கவே கூடாது என்று 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை கட்டுப்பாடு விதித்தது. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதுபோல, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கிளாரித்ரோமைசின் போன்ற சில கிருமிக்கொல்லி மருந்துகளை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் கோல்சிசின் எடுப்பது உயிருக்கே ஆபத்து. உடலிலிருந்து அது வெளியேற வழியில்லாமல் தேங்கிவிடும்.

வழிதவறிய பயணம்

கண்வலிக்கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துச் சாப்பிட்டவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. வேகவைத்தால் இந்த நஞ்சு போகாது. ஐரோப்பாவிலும் காட்டுப் பூண்டு இலை என்று நினைத்துக் கோல்சிகம் இலையைச் சமைத்துச் சாப்பிட்டு இன்றும் உயிரிழக்கிறார்கள்.

உண்டதும் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். உணவு ஒவ்வாமை என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் அதிகம். இரண்டாம் நாளுக்குப் பிறகுதான் நஞ்சின் முழு வேகம் தெரியும். உடலில் விரைந்து பிரிந்துகொண்டே இருக்கும் உயிரணுக்கள் முதலில் அடிபடுகின்றன. குடல் சுவர் உரிகிறது. எலும்பு மஜ்ஜை வற்றி, வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் சரிகின்றன. சிறுநீரகம், இதயம், நரம்பு என்று ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. பிழைத்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். மயிர்க்கால் உயிரணுக்களும் விரைந்து பிரிபவை. இந்தக் கிழங்கைத் தின்று உயிர்பிழைத்த ஒரு பெண்ணுக்கு உடல் முழுவதும் முடி உதிர்ந்ததை இலங்கையிலிருந்து ஒரு மருத்துவர் 1966இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதிவுசெய்தார். முடி பிறகு வளர்ந்துவிடும். மஜ்ஜை மீளும்வரை உயிரைப் பிடித்து வைப்பதுதான் கடினம்.

முறிவு மருந்து என்று கடையில் எதுவும் கிடையாது. 1995இல் பிரான்சில், கோல்சிசினைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதத்தைச் செலுத்தி, சாவின் விளிம்பிலிருந்த 25 வயதுப் பெண்ணைக் காப்பாற்றினார்கள். அந்த மருந்து சந்தைக்கு வரவே இல்லை. நஞ்சு திசுக்களுக்குள் ஆழமாகப் பரவிவிடுவதால் டயாலிசிஸும் பயன்படாது. ஆரம்ப மணி நேரங்களிலேயே மருத்துவமனைக்குப் போவதும், அங்கே நாள்கணக்கில் தீவிரக் கண்காணிப்பில் இருப்பதும்தான் கையிலிருக்கும் ஒரே வழி.

மீண்டும் காட்டுக்கு

ஒரு கிராம் கோல்சிசினில் 0.5 மில்லிகிராம் மாத்திரை 2,000 செய்யலாம். இந்தச் சாகுபடியில் இந்தியாவிலேயே முன்னணியில் இருப்பது தமிழ்நாடு. திருப்பூர், திண்டுக்கல், கரூர் மாவட்டங்களிலிருந்தும் வேதாரண்யம், ஜெயங்கொண்டம் பகுதிகளிலிருந்தும் விதை மூட்டைகள் வியாபாரிகள் வழியாக மருந்துச் சாறு எடுக்கும் ஆலைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகின்றன.

ஆனால் இந்தப் பயிருக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை இல்லை. வாங்குகிறவர்கள் சிலர், விற்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். ஒரு வருடம் விலை எகிறும், அதைப் பார்த்து அடுத்த வருடம் பலரும் கிழங்கு நடுவார்கள், விலை சரியும். ஹெக்டேருக்கு இரண்டு டன் கிழங்கு வாங்கி, பந்தல் போட்டு, பூவுக்குப் பூ மகரந்தம் தடவக் கூலி கொடுத்தவர், அறுவடையில் கடனோடு நிற்பார். அரசே விலை நிர்ணயித்துக் கொள்முதல் செய்ய வேண்டும் என்று இப்பகுதி விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். நடவுக்குக் கிழங்கு வேண்டி மலையடிவாரங்களில் தோண்டித் தோண்டி, இயற்கையாக வளர்ந்த செங்காந்தளும் அருகிவிட்டது.

கண்வலி விளைவிக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். விதையையும் கிழங்கையும் சமையலறைக்கும் தானியத்துக்கும் அருகில் வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். பிள்ளைகளுக்குச் செடியைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். யாராவது தெரிந்தோ தெரியாமலோ உண்டுவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று ஒரு மணி நேரம்கூடக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். உண்டது கண்வலி என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கடனும் மனச்சுமையும் அழுத்தி, வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

இனி அரசுக்கு. கண்வலி விளையும் ஒவ்வொரு வட்டத்தின் அரசு மருத்துவமனையிலும் இந்த நஞ்சை அடையாளம் கண்டு உடனே சிகிச்சை தொடங்கத் தெரிந்த மருத்துவர் இருக்க வேண்டும். விதைக்கு நிலையான விலை வேண்டும். செங்காந்தளை மாநில மலராக வைத்திருக்கும் அரசு, அதை விளைவிப்பவர்களுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை இது.